காவல் நாய்களுக்கு அடிக்கடி காணும் குடற்கோளாறுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் காவலுக்கு நாய் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. பெரியாற்று அணையின் நீர் 1895-ஆம் ஆண்டில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இப்பக்கம் திருப்பப்பட்ட பின்னர், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைச் சுற்றி நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் பெருகின. விளைபொருள் பெருகவே, மலையினின்று இறங்கும் காட்டுப்பன்றிகளிடமிருந்தும் திருடரிடமிருந்தும் அதனைக் காப்பது குடியானவருக்குப் பெருங்கவலையாயிற்று. அக்கவலையில் பாதியை நாய் ஏற்றுக்கொள்கிறது. உத்தமபாளையம் தாலுகாவில் மலையடிவாரத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரால் வழங்கும் நாய், செம்பழுப்பு நிற உடலும் கருத்த மூஞ்சியும் கொண்டு, காவலுக்கும் வேட்டைக்கும் பேர்பெற்றது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி தமது வானொலி உரையில் நாட்டு நாய் ஜாதிகளைப் பாராட்டியபொழுது கோம்பையின் பெயரும் கூறப்பட்டது.

ஆயினும், ஜாதி நாயாயினும் தெரு நாயாயினும் குடல் ஒன்றே. பத்து நாள் நன்றாயிருந்த நாய் பதினோராம் நாள் கக்குகிறது. இரண்டு நாள் பேதியாகிறது. பின்பு தானே தெளிகிறது. அடுத்த மாதம் மறுபடியும் அவ்வாறே நேர்கிறது. வீட்டார் இதனை நாய்க்குச் சகஜமென்று விட்டுவிடுகின்றனர். நாய் புல்லைத் தின்றால், அது தனக்குத் தானே வைத்தியம் செய்துகொள்வதாகக் கருதி மனச்சமாதானம் அடைகின்றனர். புல் தின்பது உடல் நலமுள்ள நாய்களுக்கும் இயல்பே. அதனை மருந்தாக எண்ணி வாளாவிருத்தல் கூடாது. அடிக்கடி பேதியாகும் நாய் இளைத்து, இரவில் விழித்திராமல் சோர்ந்து படுத்துவிடுகிறது. அதனினும் முக்கியமாக, அதன் குடலிலுள்ள சில கிருமிகள் அவ்வீட்டுக் குழந்தைகளையும் பற்றக்கூடும். ஆகையால் இக்கோளாற்றின் காரணங்களையும் பரிகாரங்களையும் குடியானவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

திரும்ப வருவதன் காரணம்

பேதி என்பது தனி வியாதியன்று. பல வியாதிகளுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. ஒரு முறை வந்த பேதி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும். அச்சமயத்தில் கொடுத்த மருந்தே அதனை அடக்கியதென்று எண்ணி, வீட்டார் ஒவ்வொரு முறையும் அதே மருந்தைக் கொடுக்கின்றனர். காரணமோ நாய் படுக்கும் மண்ணிலும், அது உண்ணும் தட்டிலும், அதன் உடம்பிலுள்ள உண்ணியிலும் தெள்ளிலும் அப்படியே இருந்துவிடுகிறது. ஆதலால் திரும்ப வரும் பேதிக்கு மருந்தைத் தேடுமுன் வழக்கத்தை ஆராய வேண்டும்.

இதற்குச் செலவில்லாத சாதனம் ஒன்றுண்டு. சுவரில் தொங்கும் நாட்காட்டியில், நாய்க்கு வாந்தியோ பேதியோ கண்ட நாளில் ஒரு குறியிட்டு, அதற்கு முந்திய இரண்டு நாட்களில் அது தின்றது இன்னதென்றும், தோட்டத்தில் மருந்து தெளிக்கப்பட்டதா என்றும், குடற்புழு மருந்து கொடுத்த தேதி எதுவென்றும் எழுதி வைத்தல் வேண்டும். மூன்று மாதக் குறிப்பை ஒருசேரப் பார்த்தால், விருந்துக்குப் பின் வருகிறதா, மழைக்குப் பின் வருகிறதா, யாதொரு தொடர்புமின்றி வருகிறதா என்பது விளங்கிவிடும். மிருக வைத்தியருக்கும் இக்குறிப்பு மிகவும் உபயோகமானது.

மலத்தைக் கொண்டு இடம் அறிதல்

கோளாறு சிறுகுடலிலா பெருங்குடலிலா என்பதை மலத்தைப் பார்த்தே ஒருவாறு ஊகிக்கலாம். மலம் ஒவ்வொரு தடவையும் மிகுதியாகவும் நீர்த்தும் கழிந்து, நாய் நன்றாகத் தின்றும் இளைத்து வருமாயின், சிறுகுடலில் கோளாறு இருத்தல் கூடும். தார் போன்ற கருமையான மலம், இரைப்பையிலோ சிறுகுடலிலோ இரத்தம் கசிவதைக் காட்டும். இதற்கு மாறாக, சிறிது சிறிதாகப் பல தடவை முக்கி முக்கிக் கழிந்து, சளியும் புதிய சிவந்த இரத்தமும் கலந்திருந்தால், கோளாறு பெருங்குடலைச் சார்ந்தது. இதில் நாய் அவ்வளவாக இளைப்பதில்லை. இவ்வேறுபாட்டைக் கண்டு சொல்லும் குடியானவர், வைத்தியரின் வேலையில் பாதியைச் செய்தவராவார்.

குடற்புழுக்கள்

திரும்பத் திரும்ப வரும் குடற்கோளாறுகளில் முதலில் சந்தேகிக்கத்தக்கவை புழுக்களே. நாய்களில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு என மூவகை சாதாரணமாகக் காணப்படும்.

உருண்டைப்புழுவின் இளம் பருவங்கள் தாய் நாயின் தசைகளில் பல காலம் அடங்கிக் கிடந்து, அது சினைப்பட்ட காலத்தில் விழித்தெழுந்து, கருப்பையிலேயே குட்டிகளைச் சேர்கின்றன. கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியாகச் சேர்கிறது. ஆகவே, வெளியே எங்கும் செல்லாத குட்டிக்குப் புழு இராதென்று எண்ணுவது தவறு. கொக்கிப்புழு குடலின் உட்புறத்தைக் கவ்வி இரத்தத்தைக் குடிப்பதால், குட்டிகளின் ஈறு வெளுத்து, மலம் கருத்து, சில நாட்களில் மரணமும் நேரிடலாம். இப்புழுவின் இளம் பருவங்கள் நிழலும் ஈரமுமுள்ள மண்ணில் நன்கு வாழும். நாயின் வாய் வழியாக மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் உட்புகும். வாய்க்கால் பாயும் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் அவற்றிற்கு ஏற்ற இடங்களாம்.

நாடாப்புழுவின் துண்டுகள் நாயின் ஆசனவாயைச் சுற்றிலும் படுக்கையிலும் வெள்ளரி விதை போலவோ, காய்ந்தபின் அரிசி போலவோ காணப்படும். இதனைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. நாய் தன் உடம்பைக் கடித்துச் சொறியும்பொழுது தெள்ளை விழுங்குகிறது. தெள்ளுக்குள் இருக்கும் இளம் புழு குடலில் வளர்கிறது. மருந்து கொடுத்தவுடன் புழு போய்விடும். தெள்ளை ஒழிக்காவிடில் சில வாரங்களில் மறுபடியும் புழு தோன்றும். மருந்து பலிக்கவில்லையென்று வீட்டார் குறை கூறுவதும் இதனாலேயே. நாயின் உடம்புக்கும் படுக்கைச் சாக்குக்கும் ஒருங்கே பரிகாரம் செய்தாலன்றி இது தீராது.

குட்டிகளுக்குப் பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி, எட்டு வாரம் வரை இரு வாரத்திற்கு ஒரு முறையும், பின்பு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன்மேல் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் குடற்புழு மருந்து கொடுத்தல் தற்கால முறை. குட்டிகளுக்குக் கொடுக்கும்பொழுதே தாய்க்கும் கொடுக்க வேண்டும். மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசின்மேல் நின்று, பின்பு தனியே நின்று, வித்தியாசத்தைக் கணக்கிட்டால் எடை தெரிந்துவிடும். உத்தேசமாகக் குறைந்த அளவு கொடுத்தால் புழு சாகாது. எல்லா மருந்தும் எல்லாப் புழுக்களையும் கொல்வதில்லை. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் சேர்ந்த மருந்து வேண்டும். ஜியார்டியா என்னும் ஓரணு உயிரி வாய்க்கால், குட்டை நீரின் மூலமாகச் சேர்ந்து, கண்ணுக்குப் புழு ஒன்றும் தெரியாமலே விட்டுவிட்டுப் பேதியை உண்டாக்கும். வெவ்வேறு நாட்களில் எடுத்த மலத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தே இதனை அறியக்கூடும்.

குழந்தைகளுக்கு நேரும் தீங்கு

நாயின் உருண்டைப்புழு முட்டை குழந்தையின் வயிற்றில் சென்றால், அதிலிருந்து வரும் இளம்புழு ஈரல், நுரையீரல், சில சமயம் கண் ஆகியவற்றிலும் அலைந்து பார்வையையும் கெடுக்கும். கொக்கிப்புழுவின் இளம் பருவம், வெறுங்காலுடன் நடப்பவரின் தோலுக்குள் புகுந்து, கோடு இழுத்தாற்போல் நெளிந்து செல்லும் அரிப்புள்ள தடிப்பை உண்டாக்கும்.

இவற்றைத் தடுப்பதற்கு ஏற்ற இடைவெளி ஒன்றை இயற்கையே அளித்திருக்கிறது. உருண்டைப்புழுவின் முட்டை, மலத்துடன் விழுந்தவுடன் தொற்றும் தன்மை அற்றது. மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் முதிர்ந்த பின்னரே அத்தன்மையை அடையும். அவ்வாறு முதிர்ந்துவிட்டால் ஆண்டுக்கணக்காக மண்ணிலே கிடக்கும். ஆகவே, நாயின் மலத்தை அன்றாடம் மண்வெட்டியால் எடுத்து ஆழப் புதைப்பவர், நாயையும் குழந்தையையும் ஒரே வேலையால் காத்தவராகிறார். வீடு கட்டுவதற்குக் குவித்த மணலில் குழந்தைகள் விளையாடுவராதலின், அதனை மூடி வைத்தல் அவசியம்.

ஆடு அறுக்கும் இடங்களில் நீர்க்கட்டிகள் உள்ள ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு எறியும் வழக்கம் மிகவும் கெடுதலானது. அக்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் ஒருவகைச் சிறிய நாடாப்புழு வளரும். நாய்க்கு இதனால் யாதொரு துன்பமும் வெளித்தோன்றாது. ஆனால் அதன் முட்டைகள் மனிதர் வயிற்றிற் சேர்ந்தால், ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகள் உண்டாகும். அத்தகைய உறுப்புகளைப் புதைத்துவிட வேண்டும். நாய்க்குக் கொடுக்கும் மற்ற கழிவு இறைச்சியை நன்றாக வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

தீனியின் முறை

புழுவுக்கு அடுத்தபடி கவனிக்கத்தக்கது தீனி. நாயின் குடல் ஒரே விதமான தீனிக்குப் பழகியபின், திடீரென்று வேறொன்று வந்தால் குழப்பமடைகிறது. கலியாணம், கிடா வெட்டு, வீரபாண்டியின் சித்திரைத் திருவிழா ஆகியவற்றையொட்டி வீடுகளில் விருந்து நடந்த மறுநாள், எலும்பும் கொழுப்பும் மசாலாவும் நாயின் தட்டை நிரப்புகின்றன. வெந்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் குத்தும். மிகுந்த கொழுப்பு, ஜீரண நீரைச் சுரக்கும் கணையத்தை அழற்சியுறச் செய்து, கடுமையான வாந்தியையும் வயிற்று வலியையும் விளைவிக்கும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும், பச்சையாயினும் வெந்ததாயினும், நாயின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைக்கும். வளர்ந்த நாய்களில் பல, பாலிலுள்ள சர்க்கரையை ஜீரணிக்க வல்லமையற்றவை. பால் நிறுத்திய வாரத்திலேயே பேதி நின்றுவிட்ட நாய்கள் அநேகம்.

வேளைக்கு ஒரு விதமாக மிச்சத்தைப் போடுவதை விட்டு, நாய்க்கென்று ஒரு தீனியை நிலைப்படுத்த வேண்டும். நன்கு குழைந்த சோறு அல்லது கம்பு, சோளக் கூழுடன், உப்பும் காரமும் சேராத வெந்த இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து, நாள்தோறும் அதே நேரத்தில் கொடுத்தல் நலம். கூழ் மட்டுமே உண்ணும் நாய்க்குத் தசை வளர்ச்சிக்கு வேண்டிய சத்து போதாது; அரைவேக்காட்டுத் தானியமோ குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும். தீனியை மாற்ற நேர்ந்தால், பழையதில் சிறிது குறைத்துப் புதியதில் சிறிது கூட்டி, ஏழு நாட்களில் மாற்றுவதே முறை. உண்டு மிஞ்சியதை வெயிலில் கிடக்கவிடாமல் அப்புறப்படுத்தி, தட்டைத் தினமும் கழுவ வேண்டும்.

திராட்சைத் தோட்டத்து அபாயங்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. மனிதருக்கு இனிய இக்கனி நாய்க்கு நஞ்சாகக்கூடும் என்பது இப்பக்கத்து நாய் வளர்ப்போர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் தின்ற நாய்களின் சிறுநீரகம் கெடுவதை அமெரிக்க மிருக வைத்தியர்கள் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2021-ஆம் ஆண்டில், அதற்குக் காரணம் கனியிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாமென்று தெரிவிக்கப்பட்டது. அவ்வமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களிலும் அதேவிதமான கேடு காணப்பட்டமை அக்கருத்தை வலுப்படுத்துகிறது. ஆகவே புளி உருண்டையும் நாய்க்கு எட்டும் இடத்தில் இருத்தலாகாது.

ஒரு நாய் தின்று பிழைத்த அளவில் மற்றொரு நாய் இறக்கலாம். தீங்கற்ற அளவு இன்னதென்று வரையறுக்க இயலாது. தின்ற ஒரு நாளைக்குள் வாந்தியும் பேதியும் சோர்வும் தோன்றும். அது சாதாரண அஜீரணம் போலவே காணப்படுவதால் வீட்டார் ஏமாந்துவிடுகின்றனர். அதற்கு அடுத்த இரண்டு நாட்களில் சிறுநீர் குறைந்து நின்றுவிடுமாயின் பிழைப்பது அரிது. ஆதலால், நாய் குலையைத் தின்றதாகத் தெரிந்த அந்நேரமே, நோய் தோன்றும் வரை காத்திராமல் வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். உதிர்ந்த பழங்களையும் கழித்துப் போட்ட குலைகளையும் கொடிப்பந்தலின்கீழ் விட்டு வைக்காமல் அகற்றுவது, காவல் நாய் உள்ள தோட்டத்தில் அன்றாட வேலையாக இருத்தல் வேண்டும்.

தோட்டத்தில் தெளிக்கும் மருந்துகளும் இவ்வாறே. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை, நாயின் வயிற்றிற் சென்றால் வாந்தியை விளைவிக்கும். பூச்சிக்கொல்லிகளிற் சில, வாயில் நுரையும் எச்சிலும் ஒழுகச் செய்து, கண்மணியைச் சுருக்கி, உடல் நடுக்கத்துடன் பேதியை உண்டாக்கும்; அது உயிருக்கு அபாயமான நிலை. மருந்து கரைத்த வாளியிலோ, தேங்கிய நீரிலோ நாய் வாய் வைக்காதபடி, தெளிக்கும் நாளிலும் மறுநாளிலும் அதனை வேறிடத்தில் கட்டுவது உசிதம். விஷம் தின்ற நாயை வாந்தியெடுக்கச் செய்வதற்காக உப்புக் கரைசலைப் புகட்டுவது, அதனைத் தானே கொல்வதற்குச் சமானம். மருந்துப் புட்டியை வைத்தியரிடம் எடுத்துச் சென்று காட்டுவதே தக்கது.

பேதி கண்ட அன்று செய்யத்தக்கவை

நாய் சுறுசுறுப்பாக இருந்து, பேதி மட்டும் கண்டிருந்தால், வீட்டிலேயே கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

முதலாவது, உடலில் நீர் குறையாமல் காத்தல். சுத்தமான நீரையோ, ஆரம்ப சுகாதார நிலையங்களிற் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்தோ, சிறிது சிறிதாக அடிக்கடி வைக்க வேண்டும். ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் கக்கிவிடும். பிடரித் தோலை இரு விரலால் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும்; தாமதித்துப் படிந்தாலும், ஈறு ஈரமின்றி ஒட்டினாலும், நீர் மிகவும் குறைந்துவிட்டதென்று அறிக.

இரண்டாவது, குடலுக்கு இளைப்பாறுதல். ஒரு நாள் முழுதும் பட்டினி போடுவது முற்கால வழக்கம். வளர்ந்த நாய்க்கு ஒரு வேளை நிறுத்தினால் போதுமென்பதும், குட்டிகளைப் பட்டினி போடலாகாது என்பதும் தற்காலக் கொள்கை. பின்பு இரண்டு பங்கு குழைந்த சோற்றுடன், தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு சேர்த்து, நாளைக்கு நான்கு வேளையாகச் சிறுகக் கொடுத்து, மூன்று நாளில் பழைய தீனிக்குத் திரும்பலாம்.

மூன்றாவது, மருந்தில் ஜாக்கிரதை. மனிதருக்குரிய வலி நிவாரண மாத்திரைகள் நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சாதாரண பேதிக்குக் கிருமிக்கொல்லி மாத்திரைகள் அநாவசியம். அடிக்கடி கொடுத்தால் குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, பேதி திரும்ப வருவதற்கு அதுவே ஏதுவாகும்.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

இரத்த பேதி, கருத்த மலம், ஓயாத வாந்தி, வயிற்று உப்பிசம், ஈறு வெளுத்தல், எழ இயலாத சோர்வு ஆகியவற்றில் எது காணினும் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் துர்நாற்றமுள்ள இரத்த பேதியும் கண்டால் பார்வோ என்னும் விஷ நோயாக இருக்கலாம். 1978-ஆம் ஆண்டில் உலகின் பல பாகங்களிலும் புதிதாகத் தோன்றிய இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் நிறையும் வரை போட்டு, ஓராண்டுக்குப் பின் மீண்டும் போடுவது முறை. இக்கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும்; பினாயிலை மட்டும் நம்பாமல், பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரையைக் கழுவ வேண்டும். குட்டி இறந்த வீட்டில் தடுப்பூசி போடாத வேறு குட்டியை உடனே கொண்டுவருதல் ஆகாது.

மற்றோர் எச்சரிக்கை இன்றியமையாதது. நாய் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நின்றால், எலும்பு சிக்கியதென்று எண்ணி வாயில் கைவிடுகின்றனர். வெறிநோயின் அறிகுறியும் அதுவே. அத்தகைய நாயைத் தொடாமல் தனியே அடைத்து வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். எச்சில் காயத்தில் பட்டிருந்தால், சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரத்திற்கு மேற்பட்டால்

மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தோ, விட்டுவிட்டோ வரும் பேதி நாட்பட்ட குடல் நோயாகக் கருதப்படும். இதற்கு முதலில் மலப் பரிட்சையும், பின்பு தீனிப் பரிட்சையும் செய்வது வழக்கம். தீனிப் பரிட்சையாவது, அந்நாய் இதுவரை உண்ணாத ஓர் இறைச்சியையும் ஒரு தானியத்தையும் மட்டும், வேறொன்றும் சேராமல், இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. இவ்விதம் நாட்பட்ட நோயுற்ற நாய்களிற் பெரும்பகுதி தீனி மாற்றத்தினாலேயே குணமடைகின்றன. இடையில் வீட்டார் ஒருவர் அன்பினால் ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாலும் பரிட்சை வீணாகும். இதிலும் தெளியாவிடில், உண்ணிக் காய்ச்சல், ஈரல் நோய், கணையக் குறைவு முதலியவற்றை இரத்தப் பரிட்சையால் ஆராய வேண்டும்.

இதற்காக வெகுதூரம் அலைய வேண்டுவதில்லை. முன்னாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்து 1996-ஆம் ஆண்டில் தனி ஜில்லாவான தேனியில், அரசாங்கக் கால்நடை மருந்தகங்களோடு, 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது. அன்று காலையில் கழிந்த மலத்தை மூடியுள்ள சுத்தமான புட்டியில் எடுத்து, நாட்காட்டிக் குறிப்பையும் கொண்டு செல்வது போதுமானது.

ஊராரின் ஒத்துழைப்பு

ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் புழு மருந்து கொடுத்து, அண்டை வீட்டு நாய்கள் அதே களத்து மண்ணில் மலங்கழிக்குமாயின், பலன் நீடிக்காது. ஆகவே, ஊரார் ஒன்றுகூடி, மூன்று மாதத்திற்கு ஒரு நாளைக் குறித்து, அன்று எல்லா வளர்ப்பு நாய்களையும் எடையிட்டுக் குடற்புழு மருந்து கொடுப்பதும், ஆண்டுக்கு ஒரு முறை அதே நாளில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவிப்பதும் சாலச் சிறந்தது. ஆடு அறுக்குமிடத்தில் கழிவைப் புதைக்கக் குழி ஒன்று வெட்டுவதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாயைத் தொட்டபின் கை கழுவும் பழக்கத்தைக் கற்பிப்பதும் பஞ்சாயத்தார் எளிதில் செய்யக்கூடியவை. அடுத்த அறுவடை தொடங்குமுன் இவற்றில் ஒன்றையேனும் தொடங்கும் ஊரில், காவல் நாய்கள் இரவில் விழித்திருக்கும். மணலில் விளையாடும் குழந்தைகளைப் பற்றிய அச்சமும் குறையும்.